சமூக மென்பொருளும் தமிழ் நூலகங்களும்

பலர் ஒரே ஏட்டில் எழுதவும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும், படித்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இடம் தரும் கணினி ஏற்பாடுகளைச் சமூக மென்பொருள் என்பர். விக்கி, வாசகர் இடும் குறிச்சொல், நூல் மதிப்பீட்டுத் தளம், வாட்ஸ்அப் குழு ஆகியவை இதன் வகைகள். நூலகர் மட்டுமே எழுதிவந்த நூற்பட்டியலில் வாசகரும் கைவைக்கலாம் என்ற நிலை இவற்றால் வந்தது. அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி 2005இல் இந்தப் போக்குக்கு 'நூலகம் 2.0' என்று பெயரிட்டார். தமிழில் இதன் வரலாறு அந்தப் பெயருக்கு ஏழு ஆண்டு முந்தியது. இங்கே இதைத் தொடங்கியவர்களில் பலர் நூலகர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு, கூலியில்லாமல் தட்டச்சு செய்த வாசகர்கள்.

கரிசலும் நூலகமும்

இந்த வரலாற்றை ஒரு வட்டாரத்திலிருந்து பார்க்கலாம். வைப்பாற்றங்கரைச் சாத்தூர், அதற்கு மேற்கே சிவகாசி, வடக்கே விருதுநகர், தெற்கே கோவில்பட்டி என விரியும் கரிசல் வட்டாரம் எழுத்துத் தொழிலோடு விநோதமான உறவுடையது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துப் பழகிய சிவகாசி, நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்து நாட்டின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றானது. சாத்தூரில் காராசேவுக்கு நிகராகப் பேர்பெற்றிருந்தது பேனா நிப்பு. வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் நடந்த அந்தத் தொழில், பால்பாயின்ட் பேனா பரவியதும் நொடித்துப்போனது. தொழில்நுட்பம் மாறினால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூலகங்கள் இங்கே அரசுச் சட்டத்தின் வழியே வந்தன. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குவது அதன் முதுகெலும்பு. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. முதலமைச்சர் காமராசர் 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றம் போனார். அவர் காலத்தில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பொது நூலகத்தையும் சேர்த்துக் கவனித்தார். கிளை நூலகம், பகுதிநேர நூலகம் என்ற வலை அப்படித்தான் சிற்றூர்வரை விரிந்தது. நூலகத்துக்கெனத் தனி இயக்ககம் 1972இல் வந்தது.

இந்த நூலகங்களில் கணினிக்கு வெகுகாலம் முன்பே ஒரு சமூக ஏற்பாடு இருந்தது: வாசகர் வட்டம். மாலையில் நான்கைந்து பேர் கூடுவார்கள். புதிதாக வந்த நாவலை ஒருவர் அறிமுகம் செய்ய, மற்றவர் மறுத்துப் பேசுவார். இன்ன புத்தகம் வாங்குங்கள் என்று நூலகரிடம் கேட்பார்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகுமாறு கடைக்காரர்களைக் கெஞ்சுவார்கள். பரிந்துரை, மதிப்பீடு, நிதி திரட்டல் ஆகியவற்றை இன்றைய தளங்கள் தனித்தனிப் பொத்தானாக வைத்திருக்கின்றன. வட்டத்தில் அவை ஒரே பெஞ்சில் நடந்தன.

அரங்கநாதனின் முக்காற்புள்ளி

நூலகத் தொழில்நுட்பத்தின் தமிழ்நாட்டு வரலாறு சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதனிடம் தொடங்குகிறது. கணக்கு ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். நூற்பொருளையும் இப்படிப் பூட்டலாமே என்ற எண்ணமே 1933இல் கோலன் (முக்காற்புள்ளி) பகுப்பு முறையாக வெளிவந்தது. ஒரு நூலை ஒற்றைப் பெட்டிக்குள் திணிக்காமல், ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பிரித்து, குறியீடுகளால் இணைப்பது அந்த முறை. 'சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் 1970களின் கூலி' என்ற நூலைத் தொழில் பக்கமிருந்தும் தேடலாம், ஊர் பக்கமிருந்தும் தேடலாம், காலத்தின் பக்கமிருந்தும் தேடலாம். இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டிச் சட்டை வாங்கும் எவரும் இந்தச் சிந்தனையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரங்கநாதன் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாயின. அதே ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகம் வளரும் உயிர் என்ற ஐந்தாம் விதியைப் பின்னாளில் மென்பொருள்காரர்கள் அதிகம் எடுத்தாண்டார்கள். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்னும் நான்காம் விதியே கணினிக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

2004இல் தாமஸ் வாண்டர் வால் மக்கள் இடும் குறிச்சொற்களுக்கு 'ஃபோக்சானமி' என்று பெயர் சூட்டியபோது, அரங்கநாதனின் பகுப்புக்கு அது நேர்மாறாகப் பார்க்கப்பட்டது. ஒன்றில் நிபுணர் முடிவு செய்கிறார், மற்றதில் கூட்டம் முடிவு செய்கிறது. ஆனால் ஒரு நூலுக்குப் பல வாசல் வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே.

எழுத்துரு படுத்திய பாடு

கணினி நூலகத்துக்குள் வந்தது பட்டியல் வேலைக்காக. யுனெஸ்கோ இலவசமாகத் தந்த சிடிஎஸ்-ஐசிஸ் மென்பொருள் 1980களின் பிற்பகுதியில் இந்தியக் கல்லூரி, ஆய்வு நூலகங்களில் பரவியது. பல்கலைக்கழகங்களை இணைக்க 1991இல் இன்ஃப்ளிப்நெட் திட்டம் தொடங்கியது. நியூசிலாந்தின் ஒரு சிறு வட்டார நூலகம், 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்குப் பயந்து செய்வித்த கோஹா என்ற திறந்த மூல மென்பொருள் அந்த ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கோஹா மாவோரி மொழிச் சொல். கொடை என்று பொருள், அதுவும் திருப்பிச் செய்ய வேண்டிய கொடை. நம்மூர் மொய் நோட்டை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டாம். கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று ஓடுவது கோஹாவே.

தமிழ் நூலகங்களுக்கோ முதல் தடை எழுத்து. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒரு கணினியில் அடித்த பட்டியல் அடுத்த கணினியில் குப்பையாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு தரம் பிறந்தது. குறியேற்றச் சண்டை ஒருங்குறி (யூனிகோட்) பரவும்வரை ஓயவில்லை. தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010இல். கூடிச் செய்யும் எந்த மென்பொருளுக்கும் எல்லாரும் ஒரே எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இயல்பாகக் கிடைத்த அந்தச் சமதளத்தைத் தமிழர் பத்தாண்டுக்கு மேல் உழைத்துப் போட்டார்கள்.

கட்டடமில்லாத நூலகங்கள்

அந்தக் குழப்பத்தின் நடுவிலேயே முதல் பெரிய கூட்டுப்பணி நடந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். ஆளுக்கொரு நூலைப் பிரித்துக்கொண்டு தட்டச்சு செய்வது, இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பது, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்வது என்பதே ஏற்பாடு. ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள் சங்க இலக்கியத்தை மின்னுருவாக்கினார்கள். பழைய குறியேற்றத்தில் அடித்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றும் இரண்டாம் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

ஈழத்தில் இதே வேலைக்கு வேறோர் அவசரம் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்று அறிந்த சமூகம் 2005இல் தன்னார்வலர்களின் நூலகம் திட்டத்தைக் கண்டது. நூலோடு நில்லாமல் இதழ், துண்டறிக்கை, பள்ளி மலர் எல்லாவற்றையும் அது வருடிச் சேர்த்தது. விக்கி மென்பொருளையே நூற்பட்டியலாக்கியது தனிச் சிறப்பு. சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலமோ ஒரு தனிமனிதரின் ஆசை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையா சேர்த்த நூல்களும் அழைப்பிதழ்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், நுண்படமாகி, நாட்டைவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கின.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், அதன் உடன்பிறப்பான விக்கிமூலமும் இந்த மரபின் அடுத்த கட்டம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட சுமார் 2,000 நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. 2015இல் கூகுளின் எழுத்துணரி தமிழைப் படிக்கத் தொடங்கியதும் வேலையின் தன்மையே மாறியது. முன்பு தட்டச்சு, இப்போது பிழை பார்த்தல். ர, ா இரண்டையும் இயந்திரம் குழப்பினால் திருத்த இன்னும் ஆள் வேண்டும்.

யாரை ஏற்றலாம், யாரைக் கூடாது என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. சாத்தூரிலிருந்து கோவில்பட்டி தாண்டினால் பாரதி பிறந்த எட்டயபுரம். பாரதியின் எழுத்துரிமையை 1949இல் அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்கு விட்டதால் அவர் இன்று எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறார். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் மறைந்தது 2021இல். காப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்பதால், உரிமையாளர் இசைந்தாலோ அரசுடைமையானாலோ தவிர, அவரது எழுத்து 2081 முடியக் காத்திருக்க வேண்டும். மேலாண்மை பொன்னுச்சாமி (2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்) உள்ளிட்ட கரிசல் எழுத்தாளர் பலரும் இந்த வேலிக்கு உள்ளேதான். தன் மண்ணைப் பற்றிய இலக்கியத்தை இணையத்தில் நேர்வழியில் தேடும் சாத்தூர் மாணவிக்குச் சங்கப் பாட்டு எளிதாகக் கிடைக்கும். கரிசல் கதை கிடைக்காது. அனுமதியின்றிப் பகிரும் பிடிஎஃப் குழுக்களில் கிடைக்கும். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் குமுறுவது அதனால்தான். அவர்கள் குமுறலில் நியாயம் உண்டு.

பெரிய கட்டடங்கள்

அரசு நூலகங்களின் பாய்ச்சல் இரண்டு கட்டடங்களில் தெரிந்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்று. நூலில் ஒட்டிய சிறு மின்னணுச் சில்லைக் கருவி படித்து இரவலைப் பதியும் ஆர்எஃப்ஐடி முறையைப் பொது வாசகர் அங்கே கண்டார்கள். மற்றது மதுரையில் 2023 ஜூலை 15இல், காமராசர் பிறந்த நாளில், திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சாத்தூரிலிருந்து பேருந்தில் காலையில் கிளம்பினால் இருட்டுமுன் படித்துத் திரும்பலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அப்படிச் செய்கிறார்கள்.

சிற்றூர்க் கிளை நூலகங்களிலோ சேர்க்கைப் பதிவேடும் முத்திரை குத்திய தேதித் தாளும் இன்னும் பழக்கத்தில் உள்ளன. 2020 பொதுமுடக்கத்தில் கதவு சாத்தியபோது வாசகர் வட்டங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஜூமுக்கும் பெயர்ந்தன. உள்ளூரில் ஐந்து பேர் கூடிய இடத்தில் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் அதே ஊர்க்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு பெருகியது, காலை வணக்கப் படங்களும் பெருகின. பிறகு நூலகம் திறந்ததும் பல வட்டங்கள் இரண்டு கால்களிலும் நின்றன: கூட்டம் நேரில், அறிவிப்பும் சண்டையும் கைப்பேசியில். நடமாட முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே நூல் கொண்டுபோகும் தன்னார்வலர்களை அரசு 'நூலக நண்பர்கள்' என்று திட்டமாக்கியது அதற்குப் பின்னால்தான். மன்னார்குடி மாட்டுவண்டியின் வேலையை இப்போது அந்தத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள்.