‘ராமாயண்’ தொலைக்காட்சித் தொடர்: திருச்சி – ஸ்ரீரங்கம் பார்வையாளர் வரவேற்பு

ராமானந்த் சாகர் இயக்கிய ‘ராமாயண்’ இந்தித் தொடர், 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறுதோறும் காலை 9.30 மணிக்குத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. முதலில் 52 பகுதிகளுக்கே அனுமதி இருந்தது. பிறகு நீட்டித்து நீட்டித்து 78இல் முடிந்தது. ராமனாக அருண் கோவில், சீதையாக தீபிகா சிக்லியா, லட்சுமணனாக சுனில் லாஹ்ரி, அனுமனாக தாரா சிங், ராவணனாக அரவிந்த் திரிவேதி நடித்தனர். படப்பிடிப்பு குஜராத்தின் உம்பர்காவில் நடந்தது.

வடக்கே இத்தொடர் பெற்ற வரவேற்பைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டதும், ஊதுவத்தி ஏற்றியதும், கடைவீதிகள் வெறிச்சோடியதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. காவிரிக்கு இருபுறமும் உள்ள திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் அந்தச் சித்திரத்தில் அப்படியே பொருத்திவிட முடியாது. மொழி புரியாதது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் பழக்கம் இவ்வூர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது.

கதையில் ஊருக்குள்ள பங்கு

ஸ்ரீரங்கத்தாருக்கு ராமாயணம் வேறெங்கோ நடந்த கதையன்று. தலபுராணத்தின்படி அரங்கநாதர் இக்ஷ்வாகு குலத்தின் குலதெய்வம். அயோத்தியில் ராமனே பூசித்த பெருமாள். பட்டாபிஷேகம் முடிந்து இலங்கைக்குத் திரும்பிய விபீஷணனுக்கு ராமன் அப்பெருமாள் எழுந்தருளிய விமானத்தைக் கொடையாகத் தந்தான். வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அது தரையில் இறங்கி, பிறகு அசையவில்லை. அதைக் கீழே வைத்த சிறுவனை விரட்டிக்கொண்டு போய் விபீஷணன் தலையில் குட்டினான் என்றும், அந்தச் சிறுவன்தான் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் என்றும் திருச்சிக் குழந்தைகள் எழுத்துப் படிக்கும் முன்பே கேட்டுவிடுவார்கள். பெருமாள் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருப்பதும் விபீஷணனுக்காகத்தான். ஆக, திரையில் விபீஷணன் வந்து நின்றால் ஸ்ரீரங்கத்தில் அவன் வழிப்போக்கன் அல்லன், ஊருக்குப் பெருமாளைக் கொண்டுவந்தவன்.

கேட்போர் செய்தவை

வைணவ குருபரம்பரைக் கதைகளில் குலசேகர ஆழ்வாரைப் பற்றிய ஒன்று இங்கே முக்கியம். பதினாலாயிரம் அரக்கரோடு வந்த கரனை ராமன் தனியாக எதிர்த்து நின்றான் என்று பௌராணிகர் சொல்லக் கேட்ட சேர மன்னர், துணைக்குப் போகத் தம் படையைத் திரட்டிவிட்டார். ராமன் வென்றுவிட்டான் என்று அவசர அவசரமாகக் கதையை முடித்துச் சொன்ன பிறகே படை திரும்பியதாம். அவர் பெயரால் அரங்கன் கோயிலில் ஒரு திருச்சுற்று இருக்கிறது. தொலைக்காட்சி முன் கைகூப்பியவர்களைக் கண்டு வியந்த நகரத்துப் பத்திரிகையாளர்கள் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள்.

அடுத்தது கம்பர் அரங்கேற்றம். தாயார் சன்னிதிக்கு எதிரே உள்ள நாற்கால் மண்டபத்தில் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்பது ஊர் வழக்கு. யுத்த காண்டத்து இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லையே என்று அவையில் எதிர்ப்பு எழுந்தது. கம்பர் பாடிக் காட்டியதும் அருகே உயரத்தில் இருக்கும் மேட்டழகிய சிங்கர் என்னும் நரசிம்மர் தலையசைத்து ஆமோதித்தார் என்று முடிகிறது கதை. அரங்கேற்றம் சகம் 807இல், அதாவது கி.பி. 885இல் நடந்ததாக ஒரு தனிப்பாடல் கணக்குச் சொல்கிறது. ஆய்வாளர் பலர் கம்பரை 12ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். தேதி எதுவாயினும், மூல நூலில் இல்லாததைச் சேர்க்கலாமா என்னும் கேள்வி இந்த ஊரில் தொலைக்காட்சிக்குப் பல நூற்றாண்டு மூத்தது.

சேர்த்தவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. சேது கட்டும்போது அணில்கள் உதவிய செய்தி வால்மீகியில் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்து வாழ்ந்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் அது இருக்கிறது. மார்கழிப் பகல்பத்தில் அரையர்கள் ராவண வதத்தை அபிநயித்துக் காட்டுவதும் தொடர்ந்து வருகிறது. குல்லாயும் கைத்தாளமுமாக ஒருவர் நின்று இலங்கைப் போர் முழுவதையும் நடத்திவிடுவார். அதைப் பார்த்துப் பழகிய கண்கள்தாம், வானத்தில் இரண்டு அம்புகள் ஊர்ந்து வந்து முட்டிக்கொள்ளும் சாகரின் தந்திரக் காட்சிகளையும் பார்த்தன.

அக்கரை

திருச்சிக்கு இன்னொரு ராமாயண மரபும் உண்டு. புத்தூரில் பெரியார் மாளிகை இருக்கும் ஊர் இது. ‘இராமாயண பாத்திரங்கள்’ எழுதிய பெரியார் 1956 ஆகஸ்ட் 1 அன்று ராமர் படத்தை எரிக்கும் போராட்டத்தை அறிவித்துக் கைதானார். எம்.ஆர். ராதா நடத்திய ராமாயண நாடகத்தில் ராமர் வேடத்தை அவரே போட்டுக்கொண்டு ராமரைக் கிண்டல் செய்தார். 1954இல் சென்னை மாநிலத்தில் புதிய நாடகச் சட்டம் வந்ததற்கு அந்நாடகம் ஒரு முக்கியக் காரணம். ராதாவின் கடைசிக் காலம் திருச்சியில் கழிந்தது. 1979 செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்தநாளில், இங்கேயே இறந்தார்.

ராதா இருந்த நாடகக் கம்பெனியில்தான் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் என்ற சிறுவனும் சேர்ந்தான். அவன் போட்ட முதல் வேடம் சீதை. பின்னாளில் சிவாஜியாகி, கே. சோமு இயக்கிய ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் பரதனாக நடித்தார். அப்படத்தில் டி.கே. பகவதி நடித்த ராவணன் வீணை வாசிப்பான், இசை ஆய்வான், மிடுக்காகப் பேசுவான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மனத்தில் வைத்திருந்த ராவணன் அவன். திரிவேதியின் ராவணனோ சபையதிரச் சிரித்துக்கொண்டே இருப்பவன். அவனோடு இவனை ஒப்பிடாமல் இருப்பது கடினம்.

ராவணனை மட்டமாகப் பார்க்காத போக்கு பகுத்தறிவு மேடைக்கு மட்டும் சொந்தம் என்று எண்ண வேண்டாம். திருச்சி மாவட்டத்து அரசங்குடிக்காரரான அ.ச. ஞானசம்பந்தன், கம்பனில் தோய்ந்தவர், சைவர். அவருடைய முதல் நூலின் பெயரே ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’. கும்பகருணனா, விபீஷணனா, யார் செய்தது சரி என்பது பட்டிமன்றங்களில் தேய்ந்து தேய்ந்தும் தீராத தலைப்பு. அரங்கன் கோயிலில் விபீஷண சரணாகதி என்றால் மனம் உருகும். ஆற்றுக்கு அப்பால் சில மேடைகளில் ‘விபீஷணன்’ என்றால் காட்டிக்கொடுத்தவன் என்று பொருள். இரண்டையும் ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையுமாக வைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு என்பதால், காவிரிப் பாலத்தைக் கோடாகக் கிழித்து ஊரைப் பிரிப்பதும் சரியாகாது.

தொடர் வந்த காலம்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது அதன் அலைகள் திருச்சியை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி வந்ததும், தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் உயரமான கம்பங்களில் ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து அதைப் பிடித்தார்கள். தூர்தர்ஷன் 1980களின் நடுவில் நாடெங்கும் ஒளிபரப்பிகளை நிறுவிய பிறகே சிறுநகரங்களில் பெட்டிகள் பெருகின. அப்போதும் தெருவுக்குச் சில வீடுகளில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக் கூடம் தெருவுக்கே பொது.

மொழியைப் பொறுத்தவரை இதைவிட மோசமான நேரம் அமைந்திருக்காது. 1986 இறுதியில் தி.மு.க. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியது. அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்ததற்காகச் சட்டமன்ற உறுப்பினர் பத்துப் பேர் பதவி இழந்தனர். அடுத்த மாதமே, தமிழ் வசனமோ எழுத்தோ இல்லாமல், முழு இந்தியில் ராமன் வந்தான். தமிழ் நிகழ்ச்சிக்கு ஏங்கிக்கொண்டிருந்த பார்வையாளர்கள் பெட்டியை நிறுத்தவில்லை. இந்தியை எதிர்த்தவர் வீட்டிலும் தொடர் ஓடியது என்பதை அந்நாளைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு விளக்கம் எளிது: அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சாகரின் பாத்திரங்கள் பேசியது பம்பாய்ப் படங்களின் இந்தியன்று, வடசொல் மண்டிய இந்தி. வனவாஸ், பிரதிக்ஞா, ஆசீர்வாத், ராஜ்யாபிஷேக் போன்ற சொற்களைப் பெரியவாச்சான் பிள்ளையின் மணிப்பிரவாள உரைகளிலும் உபன்யாசங்களிலும் பழகிய காது வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டே போய்விடும். தனித்தமிழில் பழகிய காதுக்கு அந்த வசதி இல்லை. அது முகங்களையும் ரவீந்திர ஜெயினின் இசையையும் நம்பிக்கொண்டது.

எங்கே இடித்தது

தொடரின் முகப்பில் வால்மீகி, துளசிதாசரோடு கம்பராமாயணத்தின் பெயரும் ஆதார நூலாகக் காட்டப்பட்டது. நடைமுறையில் துளசிதாசரின் கையே ஓங்கியிருந்தது. மிதிலையில் ராமனும் சீதையும் முதலில் பார்ப்பது பூந்தோட்டத்தில். கம்பனிலோ அவள் கன்னிமாடத்தில் நிற்க, அவன் வீதியில் வருகிறான். வால்மீகியில் மணத்துக்கு முன் அப்படியொரு சந்திப்பே இல்லை. லட்சுமணன் கிழித்த கோடு தொடரில் முக்கியமான காட்சி. வால்மீகியும் கம்பரும் அதைச் சொல்லவில்லை. சீதையைத் தூக்கும் இடத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. கம்பனில் ராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். பட்டிமன்றங்களில் மணிக்கணக்கில் அலசப்பட்ட நுட்பம் இது. தொடரில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. தீக்குளிப்பில் வந்தது, அக்னியிடம் முன்பே ஒப்படைத்த உண்மையான சீதையை மீட்டெடுக்கும் துளசிதாசர் விளக்கம். பாத்திரத்துக்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் கவலை கம்பருக்கும் துளசிதாசருக்கும் பொது. ஒருவர் குடிசையைப் பெயர்த்தார், மற்றவர் நிழல் சீதையை எடுத்தாண்டார். இந்த ஒற்றுமையைச் சொல்ல யாராவது கூடத்தில் இருந்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

வேறு நாட்டில் ஓர் ஒப்புமை

வீட்டை விட்டுக் காட்டுக்குப் போய்க் குடில் கட்டும் குடும்பத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதும், தெரிந்த கதையோடு அதைப் பொருத்திப் பார்ப்பதும் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் என்.பி.சி. 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’, லாரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்களைத் தழுவி, 19ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேறிய ஒரு குடும்பத்தைக் காட்டியது. நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் உடனே கண்டுபிடித்த குறை: லாராவின் தந்தைக்கு நீண்ட தாடி உண்டு, நடித்த மைக்கேல் லாண்டனோ மழித்த முகத்தோடு வந்தார். சிரிப்புக்குரிய குறைதான். ஆனால் வேறொரு கேள்வியும் பின்னால் வலுத்தது. அந்தக் குடும்பம் போய் இறங்கிய கான்சாஸ் நிலம் ஒசேஜ் பழங்குடியினருடையது. அவர்களை அந்நூல்கள் எப்படிக் காட்டின? 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் நூலகப் பிரிவு ஒரு விருதிலிருந்து வைல்டரின் பெயரை நீக்கியது. காட்டில் முன்பே இருந்தவர்களின் கண்ணால் அதே கதையைப் படிப்பது அங்கே பிற்பாடு நடந்தது. தமிழ்நாட்டிலோ புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இலேயே வந்து, 1948இல் தடையாகி, 1971இல் தடை நீங்கி, தொடர் வருவதற்கு முன்பே நூலகங்களில் இருந்தது.

பின்னர்

சீதை காடேகும் பகுதியையும் எடுக்க வேண்டும் என்று வடக்கே துப்புரவுத் தொழிலாளர்களான வால்மீகி சமூகத்தினர் வேலைநிறுத்தம் செய்ததை அடுத்து உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது. 1988 அக்டோபர் 2இல் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. 1991 மக்களவைத் தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா பரோடாவிலும், ராவணனாக நடித்த திரிவேதி சபர்கந்தாவிலும் ஒரே கட்சியில், பாரதிய ஜனதாவில், நின்று வென்றனர். ராமனாக நடித்தவர் 2024இல்தான் மீரட்டில் வென்றார். தொடரால் ஓட்டு வந்ததா என்ற ஆராய்ச்சி வட மாநிலங்களைப் பற்றியது. தமிழ்நாடு 1989இல் ராமாயணத்தை எதிர்த்து வளர்ந்த இயக்கத்தின் வாரிசான தி.மு.க.வை ஆட்சியில் அமர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடர் முடிந்திருந்தது.

2020 ஊரடங்கின்போது மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் தொடரை நாள்தோறும் காலையும் இரவும் மறுஒளிபரப்புச் செய்தது. ஏப்ரல் 16 அன்று ஒளிபரப்பான பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. அவ்வாண்டு ராமநவமி ஏப்ரல் 2. கோயில்கள் பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லை. முதல் ஒளிபரப்பில் தெருவே கூடிய கூடம் இம்முறை இல்லை. அவரவர் வீட்டில், பலர் கைபேசியில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள்.

2024 ஜனவரி 20 அன்று, அயோத்திக் கோயில் பிரதிஷ்டைக்கு இரண்டு நாள் முன், பிரதமர் நரேந்திர மோடி ஸ்ரீரங்கம் வந்தார். கம்பர் அரங்கேற்றம் செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் உட்கார்ந்து கம்பராமாயணப் பாடல்களைக் கேட்டார். நாடெங்கும் தொலைக்காட்சிகள் அதைக் காட்டின. பாடல்கள் தமிழில் இருந்தன. பார்த்துக்கொண்டிருந்த வடநாட்டாருக்கு மொழி புரியாது, கதை தெரியும்.