அங்கோர் போரே: வெள்ளத்தின் நடுவே ஒரு மக்கள் பட்டியல்

கம்போடியாவின் பழமை என்றவுடன் நம் மனத்தில் எழுவது 12ஆம் நூற்றாண்டின் அங்கோர் வாட் கோபுரங்களே. ஆனால் கெமர் மொழி தேதியுடன் முதன்முதலில் கல்லில் ஏறியது அங்கே அல்ல. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, நாட்டின் தெற்குக் கோடியில், இன்றைய தாக்கேவ் மாகாணத்தின் அங்கோர் போரே என்னும் சிறு மாவட்டத்தில் அது நிகழ்ந்தது. சக ஆண்டு 533, அதாவது கி.பி. 611, என்று அக்கல்வெட்டு தன் காலத்தைக் குறிக்கிறது. அதில் போர் வெற்றி இல்லை. அரசனின் புகழும் இல்லை. கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட மனிதர்களின் பட்டியல் இருக்கிறது. கெமர் மொழியில் நமக்குக் கிடைக்கும் தேதியிட்ட முதல் எழுத்து ஒரு மக்கள் கணக்கு என்பது தற்செயல்தானா? இதற்கு விடை தேடுமுன் அந்த நிலத்தை அறிந்துகொள்வது நல்லது.

மாவட்டம் என்று நான் சொல்வது நம் ஊர்க் கணக்கில் ஒரு வட்டத்தின் அளவே இருக்கும். ஆறு ஊராட்சிகள், வியட்நாம் எல்லைக்கு அருகில், பஸாக் ஆற்றின் மேற்கே விரிந்த தாழ்நிலம். மழைக்காலத்தில் மீகாங், பஸாக் ஆறுகளின் வெள்ளம் இந்தச் சமவெளியை மூடிவிடும். அப்போது அங்கோர் போரே நகரம் ஒரு தீவு. மாகாணத் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் கால்வாய் வழியே படகுதான் எளிய வழி. தெற்கே புனோம் தா என்னும் குன்று நீருக்கு நடுவே தனித்து நிற்கும். ஆண்டின் இறுதியில் நீர் வடியத் தொடங்குகிறது. வெள்ளம் பின்வாங்கும் வேகத்துக்கு ஏற்ப, வெளிப்படும் ஈர மண்ணில் உழவர்கள் நாற்று நடுகிறார்கள். உரம் இடுவது வண்டல். நீர் தருவது தேங்கிய குளங்கள். இந்த வேளாண் முறையை ஆராய்ந்த ஜெஃபர்சன் ஃபாக்ஸ், ஜூடி லெட்ஜர்வுட் ஆகியோர், இது இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலத்தைச் சலிக்கச் செய்யாமல் தொடர்ந்து வந்திருக்கக்கூடும் என்று 1999இல் எழுதினார்கள்.

இரண்டாயிரம் ஆண்டு என்பது மிகையன்று. 1990களில் மிரியம் ஸ்டார்க் தலைமையில் தொடங்கிய அகழாய்வு, இங்கே கி.மு. நான்காம் நூற்றாண்டு வாக்கிலேயே மக்கள் குடியேறிவிட்டதைக் காட்டியது. வாட் கொம்னூ என்னும் புத்த மடத்தின் வளாகத்தில் கிடைத்த இடுகாடு ஏறத்தாழ கி.மு. 200 முதல் கி.பி. 200 வரையிலானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள், அவற்றுடன் பன்றித் தலைகள், மட்கலங்கள், கண்ணாடி மணிகள், கல்மணிகள் ஆகியவை அங்கே வெளிவந்தன. பிற்காலத்தில் சுமார் 300 ஹெக்டேர் பரப்பைச் சூழ்ந்து மதிலும் அகழியும் எழுந்தன. தெற்கே, இன்று வியட்நாமில் இருக்கும் ஓக் ஏயோ துறைமுகம் வரை கால்வாய் ஓடியதை 1930களில் பியேர் பாரி வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. அந்த ஓக் ஏயோவில்தான் ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸின் உருவம் பொறித்த பொன் பதக்கம் கிடைத்தது. சீனர் ஃபூனான் என்று எழுதிவைத்த நாட்டின் முதன்மை நகரங்களுள் ஒன்று அங்கோர் போரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தமிழ் வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நாகரிகம் கப்பலேறிப் போய், காட்டில் இருந்தவர்களுக்கு நகரத்தைக் கற்றுக்கொடுத்தது என்றொரு கதை நம்மிடையே செல்வாக்கோடு இருக்கிறது. எழுத்து நம் பக்கமிருந்து சென்றது உண்மை. 611ஆம் ஆண்டுக் கல்வெட்டின் எழுத்து தென்னிந்திய வரிவடிவத்தின் வழிவந்ததுதான். ஊரின் பெயரே 'நகரம்', 'புரி' என்னும் இரு சமஸ்கிருதச் சொற்களின் கெமர் உருவம். ஆனால் எழுத்து வருமுன்பே பல நூற்றாண்டுகள் அங்கே மக்கள் கூடி வாழ்ந்து, வெள்ளத்தோடு உழுது, இறந்தவர்களை மணிகளோடு புதைத்திருக்கிறார்கள். பெயர் பிறகுதான் வந்தது.

அந்த மக்களின் சொந்த நினைவும் நீரிலிருந்தே தொடங்குகிறது. கடல் கடந்து வந்த பிரியா தோங் நாக இளவரசியை மணந்தபோது, அவள் தந்தையான நாக அரசன் நீரைக் குடித்து வற்றச் செய்து நிலத்தைச் சீதனமாக அளித்தான் என்பது கெமர் தொன்மம். அந்த முதல் நாட்டின் பெயர் கோக் த்லோக். அங்கோர் போரே மாவட்டத்தின் ஆறு ஊராட்சிகளில் ஒன்றின் பெயரும் கோக் த்லோக் என்பது சுவையான செய்தி. ஆண்டுதோறும் நீர் வற்றி நிலம் பிறப்பதைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை வெறும் கதையாகத் தோன்றியிருக்காது.

இனி கல்வெட்டுக்கு வருவோம். பழைய கம்போடியக் கல்வெட்டுகளில் மொழிகளுக்கிடையே ஒரு வேலைப் பிரிவினை உண்டு. தெய்வத்தையும் அரசனையும் போற்றும் செய்யுள் சமஸ்கிருதத்தில் இருக்கும். ஆள், மாடு, தென்னை, வயல் என்னும் கணக்கு கெமர் உரைநடையில் இருக்கும். நம் பல்லவ, சோழச் செப்பேடுகளிலும் குலப்புகழ் வடமொழியில், நில எல்லை தமிழில் என்றுதானே இருக்கிறது? மண்ணைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் சண்டை வராதபடி எழுத வேண்டுமானால் அந்த ஊர் மொழியில்தான் எழுத முடியும். கெமர் மொழி தன் தேதியிட்ட வாழ்வை ஒரு பட்டியலில் தொடங்கியதன் காரணம் இதுவே என்று தோன்றுகிறது.

இந்தப் பட்டியல்களில் ஆண் பெயருக்கு முன் 'வா', பெண் பெயருக்கு முன் 'கு' என்று அடையாளம் இடப்படுகிறது. கைக்குழந்தைகள் தாயோடு சேர்த்து எண்ணப்படுவார்கள். கொடுப்பவர்களுக்குப் பட்டமும் வடமொழிப் பெயரும் இருக்க, கொடுக்கப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் நாட்டுப் பெயர்கள். அக்காலக் கல்வெட்டுகளில் நாய், பூனை என்று பொருள்படும் பெயர்களும் இருக்கின்றன. மலர்ப் பெயர்களும் இருக்கின்றன. இகழ்ச்சியில் வைத்த பெயரா, கண்ணேறு படாதிருக்கத் தாய் வைத்த பெயரா என்று கல் சொல்வதில்லை. குப்பன், பிச்சை என்று பெயரிட்டு வளர்த்த சமூகத்தைச் சேர்ந்த நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற முடியாது.

இவர்களைக் குறிக்கும் சொல் 'க்ஞும்'. அடிமை என்று அதை மொழிபெயர்ப்பது வழக்கம். மைக்கேல் விக்கரி போன்ற வரலாற்றாசிரியர்கள், எல்லோரையும் ஒரே பொருளில் அடிமை எனக் கொள்ளலாகாது, கோயில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடிகளும் அவர்களில் உண்டு என்று வாதிட்டனர். அதைவிட வியப்பானது அச்சொல்லின் பின்வரலாறு. பணிவுச் சொல்லாகத் தேய்ந்து தேய்ந்து, இன்றைய கெமர் மொழியில் 'க்ஞோம்' என்றால் 'நான்' என்றே பொருள். 'அடியேன்' நம்மிடம் கோயிலோடும் சபையோடும் நின்றுவிட்டது. அங்கே அது நாடு முழுவதும் ஒவ்வொருவரும் தம்மைச் சுட்டும் சொல்லாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் பட்டியல்கள் எழுதப்பட்டன. 1962ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 57 லட்சம் பேரைக் கண்டது. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் ஆட்சியைக் கைப்பற்றி நகரங்களைக் காலிசெய்தது. கிராமத்தவர் 'அடிப்படை மக்கள்', நகரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் 'புதிய மக்கள்' என்று நாடே இரண்டு பட்டியல்களாயிற்று. சோற்றின் அளவையும் பல வேளை உயிரையும் அந்தப் பட்டியலே தீர்மானித்தது. தாக்கேவ் மாகாணம் தா மோக் ஆண்ட தென்மேற்கு மண்டலத்தில் இருந்தது. 'க்ஞோம்' என்று சொல்வதைத் தவிர்த்து 'நாங்கள்' என்று பேசுமாறு மக்கள் வற்புறுத்தப்பட்டார்கள். அடிமையைக் குறித்த சொல் 'நான்' ஆவதற்கு நூற்றாண்டுகள் ஆயின; அந்த 'நானை'ப் பறிக்க நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான ஓர் ஆட்சி முனைந்தது. 1979 ஜனவரிக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டிருந்தனர்.

அடுத்த முழுக் கணக்கெடுப்பு 1998இல், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தே நடந்தது. நாட்டில் 1 கோடியே 14 லட்சம் பேர். அங்கோர் போரே மாவட்டத்தில் சுமார் 45,000 பேர். நாடு முழுவதற்குமான அட்டவணையில் 100 பெண்களுக்கு 93 ஆண்கள். போரும் பஞ்சமும் கொலைகளும் ஆண்களை அதிகமாகக் கொண்டுபோயின என்பதை அந்த ஒரு விகிதம் அமைதியாகச் சொல்கிறது. யார் யார் என்று அது சொல்லாது. 611ஆம் ஆண்டின் கல் நேர்மாறானது: மனிதர்களைச் சொத்தாக எண்ணிய அது அவர்களின் பெயர்களைக் காத்தது. மனிதர்களைக் குடிமக்களாக எண்ணும் நம் காலம் வெளியிடுவதோ எண்களை மட்டுமே. கணக்கெடுப்பு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. எண்ணப்படாத மக்களுக்குப் பள்ளியும் வராது, மருத்துவமனையும் வராது. எந்த நோக்கத்துக்காக எண்ணுகிறார்கள் என்று ஒவ்வொரு பட்டியலிடமும் கேட்டாக வேண்டும் என்பதே.

புனோம் தாவில் இருந்த திருமாலும் கோவர்த்தனம் தூக்கிய கண்ணனும் இன்று நாம் பென்னிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் அருங்காட்சியகங்களில் நிற்கிறார்கள். நீர் மட்டும் இன்னும் ஆண்டுதோறும் வருகிறது. மீகாங்கின் மேற்பகுதியில் எழுந்த அணைகளால் அது கொண்டுவரும் வண்டல் குறைந்து வருகிறது. 2024 ஆகஸ்டில் ஃபூனான் தேச்சோ என்று பெயரிட்டு, தாக்கேவ் மாகாணத்தின் ஊடாகக் கடலை நோக்கிச் செல்லும் சுமார் 180 கிலோமீட்டர் கால்வாய்க்கான பணிகளைக் கம்போடிய அரசு தொடங்கிவைத்தது. ஃபூனானின் பெயரால் மீண்டும் மண் வெட்டப்படுகிறது. கால்வாய் வெட்டும் இடத்தில் எல்லாம் நிலமும் வீடும் இழப்பவர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டே ஆக வேண்டும். அதில் யாருடைய பெயர் விடுபடுகிறது என்பதைப் பொறுத்தே, 611இல் தொடங்கிய இந்த எழுத்தின் அடுத்த வரியை வரலாறு வாசிக்கும்.