கொல்வின் ஆர். டி சில்வா: இரு மொழியும் ஏழாம் பிரிவும்

1956 ஜூன் மாதம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா இலங்கை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்த சிங்கள வழக்கறிஞர் ஒருவர், இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று எச்சரித்தார். இலங்கை இனப்பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் வாசகம் இது. அதைச் சொன்ன கொல்வின் ஆர். டி சில்வாவே பதினாறு ஆண்டுகள் கழித்து நாட்டின் அரசியல் சாசனத்தை வடித்தார் என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1907இல் பிறந்தவர். லண்டனில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். யுத்தகாலத்தில் சிறைப்பட்டு, 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்து தலைமறைவாக இயங்கினார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அவரது கட்சி எதிர்த்தது. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் சதாசிவத்துக்காக அவர் வாதாடி 1953இல் விடுதலை பெற்றுத் தந்தது, கொழும்பு நீதிமன்ற வட்டாரம் நெடுங்காலம் பேசிய கதை.

1970இல் கூட்டணி அரசு அமைந்தபோது அரசியல் சாசன விவகாரங்களுக்கான அமைச்சரானார். பிரிட்டிஷ் முடியின் நிழல் படாத, மக்கள் தாமே தமக்கு வழங்கிக்கொள்ளும் சாசனம் என்பது அவரது கனவு. மார்க்சியர் ஒருவருக்கு அது இயல்பான கனவுதான். ஆனால் 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தின் ஏழாம் பிரிவு, 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி சிங்களமே ஆட்சிமொழி என்றது. அவர் எதிர்த்து வாக்களித்த அதே சட்டம்! எட்டாம் பிரிவு இன்னும் விசித்திரமானது. தமிழ் பயன்பாட்டுக்கான விதிகளை எவ்வகையிலும் சாசனத்தின் பகுதியாகக் கொள்ளக் கூடாது என்று அது தனியே எச்சரித்து வைத்தது. மொழி குறித்த திருத்தங்கள் ஏற்கப்படாத நிலையில் தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது.

சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுத்த பழைய சாசனத்தின் 29ஆம் பிரிவும் காணாமல் போனது. அந்தப் பிரிவின் பெறுமதியைக் கோடீஸ்வரன் வழக்கில் காணலாம். சிங்களத் தேர்வு எழுதாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு ஊழியர் அவர். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்காடலாம், ஆகவே மொழிச் சட்டம் செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் திருப்பியனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. அதற்குள் புதிய சாசனம் வந்துவிட்டது.

ஏற்கெனவே இருந்த சட்டத்தைத்தானே அவர் எடுத்தெழுதினார் என்று வாதிடலாம். எனக்கு அது வழக்கறிஞர் வாதமாகவே படுகிறது. சாதாரணச் சட்டத்தைப் பெரும்பான்மை வாக்கில் நீக்கலாம், நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம். சாசனத்தில் ஏற்றிய பிறகு இரண்டு வழிகளும் அடைபடும் என்பது கொல்வினுக்குத் தெரியாததா? கூட்டணியில் பெரிய கட்சியின் நெருக்குதல் இருந்திருக்கும். ஆனால் அவர் பதவி விலகவில்லை. 1975இல் பிரதமர்தான் சமசமாஜக் கட்சியை அரசிலிருந்து நீக்கினார். 1977 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 1978இல் அவரது சாசனமும் அகற்றப்பட்டு வேறொன்று வந்தது.

1987 நவம்பரில், 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்று இலங்கைச் சாசனத்தில் எழுதப்பட்டபோது கொல்வினுக்கு வயது எண்பது. யுத்தம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.