நியூட்டனைத் திருத்திய நெசவாளி

"பெரியவர் சொல்லிவிட்டார், இனிப் பேச்சில்லை!" இந்த ஒரு வாக்கியம் அறிவின் வாயிலில் எத்தனை முறை பூட்டுப் போட்டிருக்கிறது! பாமரர் மட்டுமல்ல தோழர்களே, ஆய்வுக்கூடத்து அறிஞர்களும் அந்தப் பூட்டின் முன் கைகட்டி நின்றதுண்டு. அதை உடைத்தது ஒரு கண்ணாடித் துண்டு. அதை ஏந்தியது ஒரு நெசவாளியின் கை.

பதினேழாம் நூற்றாண்டின் தொலைநோக்கிகளுக்கு ஒரு நோய். எந்த விண்மீனைப் பார்த்தாலும் அதன் விளிம்பில் வண்ணக் கறை படிந்தது. கண்ணாடி வில்லை ஒளியை வளைக்கும்போது நிறங்களையும் பிரித்துவிடுகிறது, அதுவே காரணம். ஒளியை வளைக்கும் அளவுக்கேற்பவே எப்பொருளும் நிறத்தைப் பிரிக்கும் என்று முடிவு கட்டினார் ஐசக் நியூட்டன். ஆகவே வில்லையால் இந்நோய் தீராது என்றார். 1668இல் ஆடி வைத்த தொலைநோக்கியைச் செய்தார். 1704இல் வெளிவந்த அவரது 'ஒளியியல்' நூலுக்குப்பின் அம்முடிவு சட்டமாயிற்று. மறுக்கத் துணிந்தவர் அரிது.

மருந்தோ அதே இலண்டனில், மதுக்கிண்ணமாகக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது! 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்ற வணிகர் புதுவகைக் கண்ணாடிக்கு உரிமம் பெற்றார். முதலில் செய்தவை நுண்வெடிப்புக் கண்டு மங்கின. காரீய ஆக்சைடு சேர்த்ததும் தெளிந்து ஒளிர்ந்தன. அதுவே 'பிளின்ட்' கண்ணாடி.

காரீயம் அங்கே என்ன செய்கிறது? மணலின் சத்தான சிலிக்காவில், ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு கைகோத்து ஒழுங்கற்ற வலையாக நிற்கிறது. காரீயம் புகுந்ததும் வலையின் சில முடிச்சுகள் அவிழ்கின்றன. அளவு மிகும்போது காரீயமே வலையின் உறுப்பாகிவிடுகிறது. அதன் எலக்ட்ரான்கள் ஒளியின் அசைவுக்கு எளிதில் இணங்குவதால் ஒளியின் வேகம் குறைகிறது. சிவப்பைவிட ஊதா கூடுதலாகத் தடைபடுகிறது. 'கிரவுன்' எனும் சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, பிளின்டுக்கு 1.62. வளைப்பதில் வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கே. நிறத்தைப் பிரிப்பதிலோ இருமடங்கு! நியூட்டன் கண்ட விகிதம் இங்கே நொறுங்குகிறது.

இதை முதலில் பயன்படுத்தியவர் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர். குவிந்த கிரவுன் வில்லையோடு குழிந்த பிளின்ட் வில்லையைச் சேர்த்தார். நிறம் நிறத்தை ஒழித்தது, வளைவு எஞ்சியது. ஆண்டு 1733 அளவில். ஆனால் அவர் அதை ஊரறியச் சொல்லவில்லை. பூட்டி வைத்த அறிவு யாருக்குப் பயன்?

ஊரறியச் செய்தவர் ஜான் டாலண்ட். பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பம், பட்டுத்தறியே பிழைப்பு, கணக்கும் ஒளியியலும் தாமே கற்றவை. 1747இல் ஆய்லர் நியூட்டனின் முடிவை ஐயுற்றபோது, அதை எதிர்த்து நியூட்டனுக்காக வாதாடியவரும் இதே டாலண்ட்தான்! எனினும் 1757இல் நியூட்டனின் சோதனையைத் தம் கையாலேயே செய்து பார்த்தார். நீருக்குள் கண்ணாடிப் பட்டகம். விடை வேறாக வந்தது. வெட்கப்படவில்லை, மறைக்கவில்லை, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1758இல் முடிவை வெளியிட்டார், உரிமமும் பெற்றார்.

பின்னர் சுவிட்சர்லாந்தின் தச்சர் கினாண்ட், உருகிய பிளின்டைக் களிமண் துடுப்பால் கலக்கிக் கோடுகளைப் போக்கினார். கண்ணாடித் தொழிலாளியின் மகன் பிரான்ஹோபர் நல்ல கண்ணாடியைக் கொண்டு 1814இல் கதிரவன் ஒளியில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளை அளந்தார். கதிரவனில் உள்ள தனிமங்களை அக்கோடுகளே பின்னாளில் சொல்லிக்கொடுத்தன.

இதனால் நியூட்டன் சிறியவராகிவிடவில்லை. சோதித்துப் பார் என்ற வழியை வலுப்படுத்தியவர் அவர். அந்த வழியே சென்றவர்தான் அவரைத் திருத்தினார். பேரறிஞனுக்குச் செய்யும் மரியாதை அவன் முடிவை வணங்குவதன்று. அவன் முறையைக் கைக்கொள்வது. தறி பிடித்த கை அதைச் செய்து காட்டியது. நம் கை என்ன செய்யப்போகிறது?