துவக்கின் மதிப்பும் மட்டக்களப்புத் துறையும்

ஒரு படைக்கலத்தின் மதிப்பை எவ்வாறு அளப்பது? அதன் குழலின் அழகைக் கொண்டா, குண்டு பாயும் தூரத்தைக் கொண்டா, அதை வாங்குதற்குக் கொடுத்த பொருளைக் கொண்டா? படைக்கலம் விற்போனும் அதனை ஏந்துவோனும் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை பகர்வர். வரலாற்றாசிரியன் விடை காண விழையின், ஈழநாட்டின் கீழ்க்கரையை, குறிப்பாக மட்டக்களப்பு வாவியும் கடலும் காத்தான்குடி முதலிய ஊர்களை அணைத்துக் கிடக்கும் நிலப்பரப்பை, நோக்குதல் தகும். பதினேழாம் நூற்றாண்டில் துவக்கும் மருந்தும் இக்கரையிற் சோதிக்கப்பட்டன; விலை பேசப்பட்டன; அவ்விலையை நாடு முழுவதும் நெடுங்காலம் செலுத்த நேர்ந்தது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையை அடைந்தபோது அவர்தம் பீரங்கியின் முழக்கம் கோட்டை அரசவையில் வியப்பும் அச்சமும் விளைத்ததை இராசாவலிய என்னும் சிங்கள நூல் கூறும். ஆயின் அவ்வியப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஈழத்துக் கொல்லர் அக்கருவியை ஆராய்ந்தனர், தாமும் வார்த்தனர், சில தலைமுறைகளுள் ஆசிரியரையே மாணாக்கர் விஞ்சும் நிலை எய்தினர். கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்சோட்டன், 1596ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்களின் நேர்த்தியையும் ஒளியையும் மிகவும் புகழ்ந்துரைத்தார். சிங்களத் துவக்குகளின் விசைப்பூட்டு இடப்பக்கத்தில் அமைந்திருத்தல் அவற்றின் தனி அடையாளமாகும். கண்ட வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியவரல்லர் இக்கொல்லர் என்பதற்கு இஃதொன்றே சான்று பகரும்.

எனினும் நல்ல குழல் மட்டும் நல்ல துவக்கு ஆகாது. அக்காலத்துத் துவக்கின் செயற்றிறனை நான்கு காரணிகள் வரையறுத்தன: குழலின் உறுதி, குண்டின் பொருத்தம், மருந்தின் தரம், மருந்திற்குத் தீ மூட்டும் முறை. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயனற்றனவாம். குழலின் உறுதியை அறிய, வழக்கத்திற்கு மிகுதியான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்தல் ஐரோப்பிய வழக்கு. வெடிக்காத குழலே முத்திரை பெறும். ஈயக்குண்டு குழலின் உள்விட்டத்தினும் சற்றுச் சிறிதாக இருத்தல் வேண்டும். இன்றேல் வாய்வழி இட்டு இறுக்குதல் அரிது. ஆயின் அவ்விடைவெளி வழியே வளி தப்புதலால் விசை குன்றும்; குறியும் தவறும். குண்டின் வேகத்தைக் கணித அடிப்படையில் அளக்கும் முறையை ஆங்கிலேயரான பெஞ்சமின் ரொபின்சு 1742ஆம் ஆண்டில் வெளியிடும் வரை, மருந்தின் வலிமையை அனுபவமும் கைப்பழக்கமுமே தீர்மானித்தன.

மருந்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றும் சேர்ந்ததே பழைய வெடிமருந்து. வௌவால்கள் உறையும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து கண்டி நாட்டார் வெடியுப்பை வடித்தெடுத்தனர். 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணியாற்றிய படை மருத்துவர் யோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலை நேரிற் கண்டு விவரித்துள்ளார். கலவையின் அளவு ஐரோப்பிய அளவிற்குப் பெரிதும் அண்மித்தது என்பதும், ஆயின் கண்டியர் மருந்தைக் குறுமணிகளாக்காது தூளாகவே பயன்படுத்தினர் என்பதும் அவர் தரும் செய்திகள். இவ்வேற்றுமை சிறிதன்று. மணிமருந்தின் இடைவெளிகளிலே தீ விரைந்து பரவும். ஈரத்தையும் அது ஓரளவு தாங்கும். தூளோ இறுகிப்படியும், எரியும் வேகம் ஒருபடித்தாய் இராது. இத்துணை எளிய முறையிலும் ஓரளவு நல்ல மருந்து கிடைத்தமையே டேவிக்கு வியப்பளித்தது.

வெடியுப்பும் கரியும் மலைநாட்டிற் கிடைத்தன. கந்தகமோ ஈழத்தில் விளையும் பொருளன்று. கடல்வழியே வருதல் வேண்டும். எனவே கண்டியரசனின் துவக்குகள் ஒவ்வொன்றும் ஏதேனுமொரு துறைமுகத்தை எதிர்பார்த்தே நின்றன. மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்த காலத்தில் கொட்டியாரமும் மட்டக்களப்புமே கண்டிக்கு வெளியுலகத்தைத் திறந்து காட்டும் வாயில்களாயின. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடற்றளபதி சிபில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, விமலதர்மசூரியனைக் காணக் கண்டிக்குச் சென்றதும் இவ்வாயில் வழியேயாம். அடுத்த ஆண்டு வந்த செபால்டு டி வேர்ட் அரசனோடு பிணங்கி இம்மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டான்.

இவ்வாயில்களின் மதிப்பைப் போர்த்துக்கேயரும் நன்குணர்ந்தனர். 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அவர் வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்துப் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். எனினும் இப்பகுதி முஸ்லிம் ஊர்களின் வளர்ச்சியில் அக்குடியேற்றம் ஒரு முதன்மையான படியாகும். கடலும் வாணிகமும் அறிந்த மக்கள் கண்டியின் கீழ்வாயிலில் நிலைகொண்டமை அரசியலறிவு வாய்ந்த செயலே. ஈராண்டின் பின், 1628இல், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா மட்டக்களப்புப் புளியந்தீவிற் கோட்டை எழுப்பியதும் அவ்வாயிலை அடைத்தற்கேயாம்.

கோட்டை கட்டிய அதே தளபதி துவக்கின் மெய்யான மதிப்பைத் தன் உயிர் கொடுத்து அறிந்தான். 1630 ஆகஸ்டில் ஊவா நாட்டினுட் புகுந்து மீளும் வழியில், அவனுடைய உள்நாட்டுப் படையினர் கட்சி மாறினர். இரந்தெனிவெலையில் அவன் சூழப்பட்டான். பெருமழை பொழிந்தது, மருந்து நனைந்தது, திரிகள் அவிந்தன. உலகின் சிறந்த படைக்கலங்களை ஏந்திய படை வெறுங்கோல் ஏந்திய கூட்டமாயிற்று. எரியும் திரியால் மருந்திற்குத் தீ மூட்டும் துவக்கிற்கு மழையே முதற் பகை என்பதை மலைநாட்டார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1638 மார்ச்சு மாதம் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படை அழிந்தது. மறைவிலிருந்து சுடுதற்கும் ஒற்றையடிப் பாதையில் எளிதிற் சுமந்து செல்லுதற்கும் ஏற்ற இலேசான துவக்குகளே அந்நிலத்திற்கு உகந்தவை.

ஆயின் அவ்விலேசான துவக்கு கோட்டைச் சுவரைத் தகர்க்குமோ? தகர்க்காது. கண்டியர் காட்டிலும் கணவாயிலும் வென்றனர். கடற்கரைக் கோட்டைகளின் முன் தயங்கி நின்றனர். அக்குறையை நிரப்பவே இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். அதாம் வெஸ்டர்வோல்டு என்னும் கடற்றளபதி கப்பல்களோடும் பெரும் பீரங்கிகளோடும் மட்டக்களப்பை அடைந்தான். அரசனும் தன் படையோடு வந்து சேர்ந்தான். பீரங்கித் தாக்குதலைத் தாங்கமாட்டாது போர்த்துக்கேயர் 1638 மே 18ஆம் நாள் சரணடைந்தனர். பத்து ஆண்டுகள் நின்ற அடைப்பு நீங்கியது.

ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், அரசனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். ஒல்லாந்தரின் போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பொருள்களால் ஈடுசெய்தல் வேண்டும். நாட்டின் வாணிகத்திலும் அவர்க்குத் தனியுரிமை அளித்தல் வேண்டும். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவல் இருப்பது அரசனின் விருப்பைப் பொறுத்ததா என்பது பற்றிப் பின்னர்ப் பெரும் பிணக்கு மூண்டது. பீரங்கியின் செயற்றிறனிற் குறை யாதுமில்லை. அதன் விலையைக் கணித்ததிலேயே பிழை நேர்ந்தது. செலவுக் கணக்கு ஆண்டுதோறும் பெருகியது. ஈடு கேட்டவரே கரையைத் தமதாக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கடற்கரை முழுவதும் கண்டியின் கைவிட்டுப் போயிற்று. கந்தகம் வரும் வழியும் அதனோடு பிறர் வயமாயிற்று.

அழகும் மதிப்பும் வேறென்பதற்கு இலெவ்கே திசாவையின் பீரங்கி ஏற்ற எடுத்துக்காட்டு. பொன்னும் வெள்ளியும் மணிகளும் பதித்த இச்சிறு பீரங்கி கண்டியரசனுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அதனைக் கவர்ந்து சென்றனர். ஆம்ஸ்டர்டாம் அரும்பொருளகத்தில் நெடுங்காலம் இருந்த அது 2023 டிசெம்பரில் இலங்கைக்கு மீண்டது. போரிற் பயன்படுதற்கன்றிப் பெருமைக்கே அது செய்யப்பட்டது. ஆயினும் தேசத்தின் நினைவில் அதன் மதிப்பு எண்ணற்ற போர்ப்பீரங்கிகளின் மதிப்பினும் மேலானது.

இனி, முதலில் எழுந்த வினாவிற்கு மீளலாம். குழல், குண்டு, மருந்து, தீ என்பன கொல்லனும் வீரனும் நோக்கும் அளவைகள். நிலம், மழை, துறைமுகம் என்பன தளபதி நோக்கவேண்டியவை. யார் தருகின்றனர், எவ்விலைக்குத் தருகின்றனர் என்பது அரசன் நோக்கவேண்டியது. இவை மூன்றிற்கும் அப்பால் நான்காவது அளவை ஒன்றுண்டு: துவக்கு எவரை நோக்கி நீட்டப்படுகின்றது என்பது. செனரத் மன்னன் புகலிடமளித்த இம்மண்ணிலே, 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகள் நடத்தியதாகக் கொள்ளப்படும் தாக்குதலிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்துவக்குகளுக்கு மழையில் அவியும் திரி இல்லை. தூளாய் இறுகும் மருந்தும் இல்லை. முந்நூற்றறுபது ஆண்டுகளிற் கருவி நிறைவெய்தியது. அதனை ஏந்தும் மனிதன் நிறைவெய்தினனோ என்பதே வரலாறு அவ்வாவிக்கரையில் விட்டுச்சென்ற வினா.