எதிர்வழக்குரை: கால நீட்டிப்பு

உரிமையியல் வழக்கில் பிரதிவாதி தன் எதிர்வழக்குரையைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய முடியாதபோது நீதிமன்றம் தரும் கூடுதல் அவகாசம் இது. கும்பகோணம் முன்சீப் கோர்ட்டானாலும் சப் கோர்ட்டானாலும், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளை 1ஆம் விதியே இதற்கு அடிப்படை. சம்மன் சார்வான நாளிலிருந்து கெடு 30 நாள். தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிந்து, நீதிபதி 90 நாள் வரை நீட்டலாம். இந்த 90 நாளும் சம்மன் சார்வான தேதியிலிருந்தே ஓடுகிறது. 30 முடிந்தபின் இன்னொரு 90 என்று கணக்குப் போட்டால் வம்புதான்.

காவிரிப் படுகையின் பாகப்பிரிவினை வழக்குகளுக்கு 30 நாள் காணாது. நஞ்சையின் மூலப்பத்திரம் ஒரு பங்காளியிடம் இருக்கும். இன்னொரு பங்காளி சிங்கப்பூரில் இருப்பார். வில்லங்கச் சான்றும் பழைய பத்திர நகலும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தாக வேண்டும். வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்து, எதிர்வழக்குரைக்கென்று வாய்தா கேட்பார். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக 90 நாளும் கடந்துவிடுவதுண்டு.

பழைய விதியில் இப்படி ஒரு உச்சவரம்பே கிடையாது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் 30 நாளோடு கதவைச் சாத்தப் பார்த்தது. வழக்கறிஞர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 90 நாள் வரை இடம் கொடுத்தது. இரண்டும் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. இத்திருத்தங்களை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த தீர்ப்பு, திருத்தங்கள் செல்லும் என்றது; 90 நாள் வரம்பு கட்டாயமல்ல, வழிகாட்டும் விதியே என்றும் சொன்னது. ஆனால் அதற்கு மேற்பட்ட அவகாசம் மிகவும் இக்கட்டான நிலையில் மட்டும்தான், கேட்டவருக்கெல்லாம் வழங்குவதற்கல்ல. தருகிறபோது எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்வதும் உண்டு.

வணிக வழக்குகளில் இந்தத் தாராளம் இல்லை. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டப்படி 120ஆம் நாளோடு உரிமையே போய்விடும். 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பொதுவான கெடு 21 நாள்தான் என்றாலும், முறைப்படியான சார்வு வேண்டாமென்று ஒப்புக்கொள்ளும் பிரதிவாதிக்கு 60 நாள் கிடைக்கும்.

பதிலே போடாதவர் ‘எக்ஸ்பார்ட்டி’ ஆகிறார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்துவிட்டால், 9ஆம் கட்டளை 13ஆம் விதியின்கீழ் 30 நாளுக்குள் ரத்துக்கு மனுப் போடலாம். அதையும் தவறவிட்டவர், காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின்கீழ்த் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும்.