மெய்நிகர் இயந்திரமும் விருந்தினர் முறைமையும்: நிறுவல் இடர்ப்பாடுகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கணனிக்குள் இன்னொரு கணனியைப் பாவனையாக அமைத்து, அதனுள் வேறொரு பணிசெயல் முறைமையை நிறுவுதல் இன்று மாணவரும் செய்யும் காரியமாகிவிட்டது. வெளியே இயங்குவது விருந்தோம்பும் முறைமை. உள்ளே குடியேறுவது விருந்தினர் முறைமை. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, இல்லாத கணனியை இருப்பதாகக் காட்டும் மென்பொருளே மெய்நிகர் இயந்திரக் கண்காணிப்பான் எனப்படுவது. நிறுவல் பாதியில் நின்று, திரையிலே புரியாத ஒரு வரி தோன்றும்போது, அதனைத் தற்செயலான கோளாறு என்றே பலரும் கொள்வர். ஆயின் அத்தகைய கோளாறுகள் பெரும்பாலும் தற்செயலானவை அல்ல. பாவனை எவ்விடத்தில் உண்மையிலிருந்து விலகுகின்றதோ அவ்விடத்திலேயே விருந்தினர் முறைமை இடறி விழுகின்றது. மெய்நிகர் இயந்திரத்தின் வரலாற்றைச் சாதனைகளின் வரலாறாக எழுதுவதே வழக்கமாயினும், இடறிய இடங்களின் வரலாறாக நோக்குவது கூடிய பயன் தருவதாகும்.

இம்முயற்சியின் தோற்றம் 1964 ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தனது சிஸ்ரம்/360 கணனிக் குடும்பத்தை அவ்வாண்டு ஏப்பிரலில் அறிவித்தது. நேரப் பகிர்வு ஆய்வில் முன்னணியில் நின்ற மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமோ, தனது மல்ரிக்ஸ் திட்டத்துக்கு ஜெனரல் எலக்ரிக் நிறுவனத்தின் கணனியைத் தேர்ந்தது. இப்பின்னடைவின் நிழலிலேயே, நோர்மன் றஸ்முசனின் தலைமையில் இயங்கிய ஐ.பி.எம். கேம்பிரிஜ் விஞ்ஞான நிலையத்தில் றொபேட் கிறீசி, லெஸ் கொமோ முதலியோர் சீ.பி.-40 என்னும் முறைமையை உருவாக்கினர். 1967 சனவரியில் அது வழமையான பாவனைக்கு வந்தது. முகவரிகளை இடைநின்று மாற்றித்தரும் வகையில் விசேடமாகத் திருத்தப்பட்ட ஒரேயொரு 40 ஆம் மாதிரிக் கணனியில், ஒவ்வொன்றும் 256 கே நினைவகம் உடையதாகத் தோன்றும் 14 மெய்நிகர் இயந்திரங்களை அது நடத்தியது.

அதன் உத்தி எளிமையானது. சிஸ்ரம்/360 இல் அறிவுறுத்தல்கள் இருவகைப்பட்டன: எவரும் நிறைவேற்றக்கூடியவை ஒருவகை, மேற்பார்வை நிலையில் மட்டுமே நிறைவேற்றத்தக்க சலுகை பெற்றவை மற்றொருவகை. விருந்தினர் முறைமை தன்னை அரசன் என எண்ணிக்கொண்டு சலுகை அறிவுறுத்தலை விடுக்கும். வன்பொருளோ அதனை மறுத்துக் கட்டுப்பாட்டு நிரலிடம் முறையிடும். கட்டுப்பாட்டு நிரல் அக்காரியத்தின் விளைவைப் பாவனையாகச் செய்துகாட்டி, விருந்தினரைத் தொடரவிடும். தான் குடிமகனே என்பதை விருந்தினர் அறியமாட்டார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரு பணிசெயல் முறைமையைச் சோதிப்பதற்கு அதுவரை முழுக் கணனியையும் ஏனையோரிடமிருந்து விலக்கி, பெரும்பாலும் இரவு வேளையில், தனியே பெறவேண்டியிருந்தது. மெய்நிகர் இயந்திரத்திலோ சோதனை முறைமை நிலைகுலைந்தால் அதன் இயந்திரம் மட்டுமே வீழும். அடுத்த இருக்கையில் இருப்பவரின் வேலை தடைப்படாது. சீ.பி.-40 இன் வழித்தோன்றலாகிய சீ.பி.-67 ஐத் திருத்தி, இன்னும் கைக்கு வராத சிஸ்ரம்/370 இன் புதிய கட்டமைப்பையே பாவனை செய்து மென்பொருள் எழுதியமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1972 ஓகஸ்ற் 2 ஆம் நாள் வீ.எம்./370 அறிவிக்கப்பட்டதும் இம்மரபு வர்த்தகப் பொருளாயிற்று.

எனினும் விருந்தினர் யாவரும் இடறலின்றி நிறுவப்பட்டனர் என்று கொள்வது தவறாகும். அக்காலப் பெருங்கணனிகளில் உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றை வாய்க்கால் நிரல்கள் என்னும் தனிச் சிறு நிரல்கள் நடத்தின. விருந்தினர் எழுதிய வாய்க்கால் நிரலைக் கட்டுப்பாட்டு நிரல் படியெடுத்து, முகவரிகளை உண்மையான முகவரிகளாக மாற்றிய பின்பே வன்பொருளிடம் கொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் வாய்க்கால் நிரலொன்று வருமாயின் நிலைமை சிக்கலாகும். மாற்றம் விருந்தினரின் மூலப்படியில் நிகழ, வன்பொருள் வாசிப்பதோ வேறொரு படியாக இருக்கும். எனவே அத்தகைய நிரல்கள் தடைசெய்யப்பட்டன. ஆனால் ஐ.பி.எம்.மின் சொந்தக் கோப்பு அணுகுமுறையாகிய ஐசாம் அவ்வாறே இயங்கியமையால், அதற்கெனத் தனிச் சலுகை ஒன்றைப் பயனரின் பதிவில் குறிப்பிட வேண்டியிருந்தது. பாவனையின் தூய்மையை விடப் பழகிய நிரலின் வசதி வென்ற இடமிது. நேரத்தைச் சார்ந்து எழுதப்பட்ட நிரல்கள் சீராக இயங்கா என்ற எச்சரிக்கையும் அந்தக் கட்டுப்பாடுகளுள் இடம்பெற்றிருந்தது.

1974 ஆம் ஆண்டு ஜெறல்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேக் ஆகிய இருவரும் இவ்வநுபவத்துக்குத் தருக்க வடிவம் கொடுத்தனர். இயந்திரத்தின் நிலையைத் தொடுகின்ற, அல்லது அந்நிலையைப் பொறுத்து நடத்தை மாறுகின்ற அறிவுறுத்தல்கள் யாவும் சலுகை பெற்றனவாக இருப்பின், அவ்வியந்திரத்துக்கு மெய்நிகர் கண்காணிப்பான் அமைக்கலாம் என்பது அவர்கள் நிறுவிய தேற்றத்தின் சாரம். அது போதுமான நிபந்தனையேயன்றி, நிறைவேறாதவிடத்து முயற்சியே வீண் என்று அத்தேற்றம் கூறவில்லை. பிற்காலத்தோர் பலர் அதனைத் தடைச்சட்டம் போல வாசித்தமை வியப்புக்குரியது.

அவ்வாறு வாசிக்கப்பட்டதற்கு இன்ரெலின் கட்டமைப்பே முக்கிய காரணமாயிற்று. 1985 இல் வந்த 80386 பழைய 8086 நிரல்களுக்கு மெய்நிகர் நிலையொன்றை வழங்கியது. தன்னைத் தானே பாவனை செய்வதற்கோ வழி வைக்கவில்லை. பென்ரியத்தில் இத்தகைய தொல்லைதரும் அறிவுறுத்தல்கள் 17 உள என்று ஜோன் றொபின், சிந்தியா ஏவின் ஆகியோர் 2000 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். அவற்றுட் பொப்எஃப் என்பது நல்ல உதாரணம். சலுகையற்ற நிலையில் அதனைக் கொண்டு குறுக்கீட்டுக் கொடியை மாற்ற முயன்றால் வன்பொருள் மறுப்பதுமில்லை, முறையிடுவதுமில்லை, பேசாமல் புறக்கணித்துவிடுகின்றது. குறுக்கீடுகளை நிறுத்திவிட்டதாக விருந்தினர் முறைமை நம்பிச் செல்லும். உரத்த பிழையை விட இத்தகைய மௌனப் பிழையே ஆபத்தானது. ஏனெனில் முறைமை வீழும் இடம் ஒன்று, காரணம் விளைந்த இடம் வேறொன்று.

ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வுகளின் தொடர்ச்சியாக மென்டல் றோசன்புளும், டயான் கிறீன், ஸ்கொட் டிவைன், எட்வேட் வாங், எடுவா புக்னியன் ஆகியோர் 1998 இல் வீ.எம்.வெயார் நிறுவனத்தைத் தொடங்கினர். விருந்தினர் முறைமையின் கருநிரலை ஓட்டத்தின்போதே மொழிபெயர்த்து, தொல்லை அறிவுறுத்தல்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான தொடர்களைப் புகுத்துவதே அவர்களின் வழி. 1999 மே மாதம் விற்பனைக்கு வந்த அவர்களின் மென்பொருள், இயலாது எனக் கருதப்பட்டதை இயற்றிக் காட்டியது. ஆனால் இவ்வகை உத்திகள் விருந்தினரின் வழக்கங்களைப் பற்றிய ஊகங்களில் தங்கியிருந்தன. இன்ரெல் நான்கு பாதுகாப்பு வளையங்களை வைத்திருந்தும், வின்டோசும் லினக்சும் முதலாவதையும் கடைசியையும் மட்டுமே பயன்படுத்தின, ஓ.எஸ்/2 மட்டும் உள்ளீட்டு வெளியீட்டு நிரல்களுக்கு இடை வளையமொன்றையும் கையாண்டது. இதனால் 2007 இல் வெளியான வேர்ச்சுவல்பொக்ஸ், வன்பொருள் உதவியுள்ள கணனிகளிலேயே ஓ.எஸ்/2 ஐ ஏற்றது. அதனை ஆக்கிய ஜேர்மனிய நிறுவனமாகிய இன்னோரெக், முன்னர் ஓ.எஸ்/2 பயனருக்கெனவே உழைத்த நிறுவனம் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அவ்வன்பொருள் உதவி இன்ரெலிடமிருந்து 2005 நவம்பரிலும் ஏ.எம்.டி.யிடமிருந்து 2006 இலும் வந்தது. கேம்பிரிஜில் நாற்பதாண்டுகளுக்கு முன் இயல்பாகக் கிடைத்தது, சிறு கணனிக்குச் சுற்றிவந்து சேர்ந்தது எனலாம். அதனுடன் புதிய இடறல்களும் வந்தன. பல கணனிகளில் இவ்வசதி தொடக்க அமைப்புகளில் அணைக்கப்பட்டே விற்கப்பட்டது. 64 துணுக்கு விருந்தினரை நிறுவ முயன்றோர், செயலி ஆற்றலுடையதாயிருந்தும் நிறுவல் மறுக்கப்படுவதைக் கண்டனர். விருந்தோம்பும் வின்டோசில் ஹைப்பர்-வீ இயங்குமாயின், அதுவே அவ்வுதவியை முந்திக் கைப்பற்றிவிடுவதும் உண்டு.

பாவனை வன்பொருளைத் தெரிவதிலும் காலம் குறுக்கிடுகின்றது. 2001 இல் வெளிவந்த வின்டோஸ் எக்ஸ்பிக்குச் சாற்றா வன்தட்டுக் கட்டுப்படுத்தியின் புதிய வடிவம் தெரியாது. மெய்நிகர் இயந்திரத்தில் அவ்வடிவத்தை வைத்தால் வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என நிறுவல் நின்றுவிடும், பழைய ஐ.டீ.ஈ. வகைக்கு மாற்றினால் அதே வட்டு உடனே புலப்படும். 2021 இல் வந்த வின்டோஸ் 11 இல் நிலைமை தலைகீழானது. ரீ.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாவிடின் அது நிறுவலை மறுப்பதால், அச்சில்லையும் பாவனை செய்துகாட்ட வேண்டியதாயிற்று. வேர்ச்சுவல்பொக்ஸ் 2022 இலேயே அதனைச் சேர்த்தது.

வீ.எம்./370 காலத்து நேர எச்சரிக்கையும் மறையவில்லை. வின்டோஸ் 95 இன் வலையமைப்புக் கூறொன்று, தொடக்கத்தில் ஒரு சுற்றினை ஓட்டி, அதற்கு எடுத்த நேரத்தால் வகுத்துச் செயலியின் வேகத்தை அளந்தது. ஏறத்தாழ 2.1 கிகாஹேட்சுக்கு மேற்பட்ட செயலிகளில் அச்சுற்று அளவிடத்தக்க நேரம் கழியுமுன்னரே முடிந்துவிட, வகுக்கும் எண் பூச்சியமாகி முறைமை வீழ்கின்றது. வன்பொருள் உதவியோடு ஓடும் மெய்நிகர் இயந்திரம் செயலியின் முழு வேகத்தையும் விருந்தினருக்கு ஒளிக்காமல் கொடுப்பதால், இந்த வீழ்ச்சி அங்கும் நிகழ்கின்றது. பழைய கணக்கேடுகளையும் நிரல்களையும் திறப்பதற்காக இம்முறைமையை மீண்டும் நிறுவுவோர், அக்கூறின் திருத்தப்பட்ட வடிவத்தை இட்ட பின்பே தொடர முடிகின்றது.